மூன்று வைரமும் ஆறு நட்சத்திரமும்

என் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெந்த வாகனமும் இன்றுவரை பதியப்பட்டதில்லை. ஆசிரியச் சம்பளத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அப்படியான நான் 2011ஆம் ஆண்டு இரண்டு கார்களை ஒப்பிட்டு புல்ஸ்காப் தாளில் ஒன்பது பக்கம் எழுதினேன். அவற்றில் ஒன்றையேனும் அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. அந்த ஒன்பது பக்கத்துக்குப் பின்னர் நானும் தம்பியும் ஐந்து மாதம் பேசாமலிருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரித்து முடிந்த பிறகும் ஏதோ ஒன்று மனதில் மிச்சமிருக்கிறது. அதை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

வாப்பா ஹயரிங் கார் ஓட்டியவர். கார் அவருடையதல்ல, ஊரில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவருடையது. சதுரமாகப் பெட்டி போலிருக்கும் அந்த மிட்சுபிசி லான்சரை நம் நாட்டில் எல்லோரும் ‘பொக்ஸ் லான்சர்’ என்றே சொல்வார்கள். 1984ஆம் ஆண்டு மாரியில் ஒரு நள்ளிரவு உம்மாவுக்கு வலி கண்டது. வயல்வெளியூடாகப் போகும் வீதியில் முழங்காலளவு வெள்ளம். எனக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் என்னையும் பின் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். வெள்ளத்தின் ஓரத்தில் வாப்பா காரை நிறுத்தினார். பொனட்டைத் திறந்து பேன் பெல்ட்டைக் கழற்றினார். காற்றாடி சுற்றினால் தண்ணீரை அள்ளி எஞ்சின் மேல் வீசும், எஞ்சின் நின்றுவிடும் என்பது பழைய சாரதிகளுக்குத் தெரிந்த கணக்கு. பிறகு முதலாம் கியரில், காலை எடுக்காமல், ஆமை போல் ஊர்ந்து அக்கரை சேர்ந்தார். சுபஹுக்கு பாங்கு சொல்லும் நேரம் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான்.

அன்றிலிருந்து வாப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு கார்தான். “நம்மளக் கைவிடாத சாமான் மகன் இது” என்பார். முன்பக்கத்திலிருந்த மூன்று வைரச் சின்னத்தைத் தன் சாரத்தின் நுனியால் துடைப்பார். எதிரே இன்னொரு லான்சர் வந்தால், ஓட்டுபவர் யாரென்றே தெரியாவிட்டாலும் கையை உயர்த்திவிட்டுத்தான் போவார். என் பதினேழாவது வயதில் அவர் மௌத்தானார். ஆலைக்காரர் காரை விற்றுவிட்டார். அதன் பிறகு எங்களிடம் மிஞ்சியது அந்த அபிமானம் மட்டும்தான். காணி பூமி இல்லாத குடும்பத்தில் அபிமானமும் ஒரு முதுசம்தான்.

அடுத்த ஆண்டு, 1996இல், பின்லாந்து நாட்டுக்காரரான டொமி மக்கினென் என்பவர் லான்சர் எவொலூஷன் காரில் உலக ரலி சம்பியன் ஆனார். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தியாக அது வந்திருந்தது. வெட்டி எடுத்துக் கொப்பியில் ஒட்டிக்கொண்டேன். மக்கினென் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் உழவுப் போட்டிகளில் கலந்துகொண்டவர் என்று பின்னர் அறிந்தபோது அவர் எனக்கு இன்னும் நெருக்கமானார். நெல் விளையும் ஊர்க்காரனுக்கு உழவன் அந்நியனா? 1996, 1997, 1998, 1999 என்று தொடர்ந்து நான்கு வருடம் அவரே சம்பியன். வாப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வேன்.

தம்பியின் வழி வேறாக இருந்தது. கல்முனையில் அப்போது மணிக்கணக்கில் காசு வாங்கும் ஒரு கேம் கடை இருந்தது. கொலின் மெக்ரேயின் பெயரில் 1998இல் வந்த ரலி விளையாட்டை அங்கேதான் அவன் கண்டான். அதன் அட்டையில் நீல நிற சுபாரு இம்பிரேஸா. 1995இல் அந்தக் காரில் உலக சம்பியனான ஸ்கொட்லாந்துக்காரர் மெக்ரே. பஸ்ஸுக்குக் கொடுத்த காசைக் கேம் கடையில் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வருவான். லான்சர் இல்லாவிட்டால் அவன் பிறந்ததே கேள்விக்குறி. அவன் சுபாரு கட்சிக்குப் போனது எனக்கு நன்றிகெட்ட செயலாகத் தெரிந்தது.

“காக்கா, வெள்ளத்துல போனது வாப்பாட கெட்டித்தனம். காருட கெட்டித்தனமில்ல” என்பான்.

பதினான்கு வயதுப் பையன் சொன்ன அந்த வார்த்தைக்கு அன்றும் என்னிடம் பதிலில்லை.

1998 நவம்பரில் பிரித்தானியாவில் நடந்த கடைசி ரலியை நாங்கள் இருவரும் மறக்கவில்லை. மக்கினென் முதல் நாளே விபத்தில் சிக்கி விலகிவிட்டார். டொயோட்டா கொரொல்லாவில் வந்த ஸ்பெயின்காரர் கார்லோஸ் சைன்ஸுக்கு நான்காமிடம் கிடைத்தாலே சம்பியன் பட்டம். கடைசிக் கட்டத்தில், முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில், அவருடைய எஞ்சின் நின்றுபோனது. ஓடாமல் இருந்த மக்கினென் சம்பியன். “இதுவும் ஒரு வெற்றியா?” என்று தம்பி கேட்டான். “றிஸ்க்” என்றேன் நான்.

2001 முடிவில் மக்கினென் மிட்சுபிசியை விட்டுச் சுபாருவுக்குப் போனார். 2002 ஜனவரியில் மொன்டே கார்லோ ரலியில் சுபாருவிலேயே வெற்றியும் பெற்றார். தம்பி அன்று வீடு முழுக்கத் துள்ளினான். நான் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சொந்தக்காரன் கட்சி மாறியதைப் போல எனக்கு வலித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் எல்லோரும்தான் மாறினார்கள். தம்பியின் மெக்ரே 1999இலேயே போர்ட்டுக்குப் போய்விட்டார். 2001இல் சுபாருவில் சம்பியனான ரிச்சர்ட் பேர்ன்ஸ் மறுவருடமே பேஜோவுக்குப் போனார். அவர் விட்ட இடத்துக்குத்தான் மக்கினென் வந்தார். ஓட்டியவர்கள் சம்பளம் பார்த்தும் வாகனம் பார்த்தும் இடம் மாறிக்கொண்டிருக்க, கடலுக்கு இப்பால் ஒரு ஓட்டு வீட்டில் இரண்டு சகோதரர்கள் விசுவாசம் காத்துக்கொண்டிருந்தோம்.

நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து ஊர்ப் பாடசாலைக்கு வந்தேன். தம்பி 2006இல் ஷார்ஜாவுக்குப் போனான். பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடையில் வேலை. 2007 செப்டெம்பரில் மெக்ரே ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த செய்தியை அவன்தான் தொலைபேசியில் சொன்னான். அவன் குரல் உடைந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பேர்ன்ஸும் மூளைக் கட்டியால் இறந்திருந்தார். அன்று நாங்கள் கட்சி பேசவில்லை.

2011இல் ஒருநாள் அழைத்தான்.

“காக்கா, ரெண்டு கார் பார்த்திரிக்கன். ஒண்டு எவொலூஷன் ஒம்பது. மத்தது இம்பிரேஸா எஸ்.ரி.ஐ. ரெண்டும் ஒரே விலதான் வருது. ஒங்கட மனசுல பட்டத்தச் சொல்லுங்க.”

ஐந்து வருடச் சேமிப்பு அது. அந்த நேரம் தங்கச்சியின் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. நம் பகுதியின் வழக்கத்தை நான் விளக்கத் தேவையில்லை. பெண்ணுக்கு வீடில்லாமல் பேச்சு நகராது. நல்லதொரு இடம் பேசி, வீடு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். கூரைக்கு மரமும் ஓடும் வேண்டும். என் கையிலிருந்ததெல்லாம் அத்திவாரத்தோடும் சுவரோடும் தீர்ந்திருந்தது. தம்பி மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். அதற்குமேல் அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாப்பா இல்லாத வீட்டில் நான்தானே வாப்பா. பிள்ளையிடம் கை நீட்டும் வாப்பா உண்டா? தானாக உணர்ந்து தரட்டும் என்றிருந்தேன். அவனோ கார் கேட்கிறான்.

“எழுதி அனுப்புறன் தம்பி” என்றேன்.

எழுதினேன். நான் நியாயமாகவே எழுதினேன் என்று அப்போது நம்பினேன். இரண்டும் ரலிக்காகப் பிறந்தவை. இரண்டின் ஆரம்பமும் 1992. ரலியில் ஓட்டும் காரைப் போன்றதைப் பொதுமக்களுக்கும் குறைந்தது 2,500 செய்து விற்க வேண்டும் என்ற விதி அன்றிருந்ததால், நான்கு கதவும் ஐந்து ஆசனமுமுள்ள குடும்பக் கார்களின் உடம்புக்குள் பந்தய உயிர் வந்து சேர்ந்தது. இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். இரண்டிலும் டேர்போ. ஜப்பானில் 2004 வரை 280 குதிரைவலுவுக்கு மேல் எந்தக் காருக்கும் அறிவிப்பதில்லை என்று நிறுவனங்கள் தமக்குள் ஓர் இணக்கம் வைத்திருந்ததால், காகிதத்தில் இரண்டுக்கும் பல வருடம் ஒரே இலக்கம்தான்.

வித்தியாசம் உள்ளே இருந்தது. லான்சரின் எஞ்சின் இரண்டு லீற்றர். நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில், வார்ப்பிரும்புக் கட்டைக்குள் நிற்கும். எவொலூஷன் ஒன்று முதல் ஒன்பது வரை அதே எஞ்சின் குடும்பம்தான். இம்பிரேஸாவின் சிலிண்டர்கள் இரண்டு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். குத்துச்சண்டைக்காரர்கள் இருவர் எதிர்நின்று குத்துவது போல அசைவதால் அதற்கு பொக்ஸர் என்று பெயர். பாரம் நிலத்தோடு தாழ்ந்திருக்கும். அதன் சத்தத்தில் ஒரு குடுகுடுப்பு இருக்கும். எவொலூஷனில் 1996இலிருந்து ஒரு கருவி வந்தது. திருப்பத்தில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் விசையை ஏற்றிக் குறைத்து, காரே தன்னை உள்ளே திருப்பிக்கொள்ள உதவும். எஸ்.ரி.ஐயில் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பங்கிடுவதை ஓட்டுபவரே மாற்ற ஒரு சிறு திருகு சக்கரம் இருக்கும். ஒன்று நமக்காகத் தானே யோசிப்பது. மற்றது நம்மை யோசிக்கச் சொல்வது.

இதுவரை ஐந்து பக்கம். மீதி நான்கு பக்கமும் வாப்பா. வெள்ளம், பேன் பெல்ட், சுபஹு பாங்கு, மூன்று வைரம். ‘நமது குடும்பத்தைச் சுமந்ததை மறப்பவன் எதையும் மறப்பான்’ என்று முடித்திருந்தேன். ஊருக்கு வந்து திரும்பிய ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பினேன். கூரையைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை.

தம்பி இம்பிரேஸாவை வாங்கினான்.

நீல நிறம். அதன் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். நான் பதில் போடவில்லை. அழைத்தான், எடுக்கவில்லை. பரீட்சை வேலை என்று உம்மாவைச் சொல்லச் சொன்னேன். ஒரு மாதம் ஐந்து மாதமாயிற்று. ஆசிரியர் இடர்கடனுக்கு விண்ணப்பித்து, கூட்டுறவுக் கடையிலும் தெரிந்தவர்களிடமும் வாங்கிச் சேர்த்துக் கூரையைப் போட்டேன். ஒவ்வொரு மரம் ஏறும்போதும் மனதுக்குள் அந்த நீலக் காரைத்தான் பார்த்தேன். பாடசாலையில் யாராவது தம்பியை விசாரித்தால், “அவர் பெரிய ஆள்” என்று சிரித்துச் சொல்வேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்காது.

ஒரு மாலை உம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், சுளகை வைத்துவிட்டுக் கேட்டார்.

“மகன், ஒனக்குக் கோவம் காருலயா, ஊட்டுலயா?”

“ரெண்டுமில்ல உம்மா. வாப்பாட சொல்ல மதிக்கல்ல அவன்.”

“வாப்பா எப்ப சொன்னாரு அந்தக் கார வாங்கு எண்டு? அவருக்கிட்டக் காருமில்ல, வாங்கக் காசுமில்ல. நீ ஊட்டக் கேட்டியா அவனுக்கிட்ட?”

நான் பேசாமலிருந்தேன். உம்மா சுளகை மறுபடி எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு நானே அழைத்தேன். வீடு கூரை போட்டாயிற்று என்றேன். கடனைப் பற்றியும் சொன்னேன். மறுபக்கம் நீண்ட நேரம் சத்தமில்லை.

“காக்கா, நீங்க ஒம்பது பக்கம் எழுதின. அதுல ஊட்டப் பத்தி ஒரு வரி இருந்திருந்தா நான் காரே வாங்கியிருக்க மாட்டன். உம்மா கேக்கக்குள்ள ‘காக்கா எல்லாம் பார்த்துக்குவாரு’ எண்டுதான் சொன்னா. எனக்கு எப்பிடித் தெரியும்?”

பிறகு இன்னொன்றும் சொன்னான். சுபாரு என்பது ஜப்பானிய மொழியில் ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயர். காரின் சின்னத்திலுள்ள ஆறு நட்சத்திரங்களும் அதுதான். நாம் கார்த்திகை மீன் என்று சொல்வது அதையே. அறபியில் அதற்கு ஸுரையா என்று பெயர். கடைக்கு வரும் ஓர் அறபி அந்தச் சின்னத்தைத் தொட்டுக்காட்டி அதைச் சொன்னாராம். எங்கள் தங்கச்சியின் பெயரும் ஸுரையாதான்.

“நான் வாங்கின அண்டைக்கே தங்கச்சிக்குச் சொன்னன். அவ சிரிச்சா. ஒங்களுக்குச் சொல்லத்தான் எடுத்தன்; நீங்க எடுக்கல்ல.”

அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. வாப்பாவின் பெயரைச் சொல்லி நான் காத்தது வாப்பாவின் விசுவாசத்தையல்ல, என் கௌரவத்தை. கேட்க வெட்கப்பட்ட ஒன்றை மூன்று வைரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்து, அவன் கண்டுபிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வியை எழுதாமல் விடையை மட்டும் எதிர்பார்த்தால் நான் என்ன சொல்வேன்? என் கடிதத்துக்கு அந்தப் புள்ளியைத்தான் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கடனில் பாதியைத் தம்பி இரண்டு வருடத்தில் கட்டித் தீர்த்தான். காரை விற்கிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். அது உண்மையாகவே சொன்னது.

இந்த அபிமானங்களைப் பற்றிப் பின்னர் படித்த ஒரு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதை நம் முதியோர் கதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவற்றோடு வந்த சீரோ சண்டை விமானத்தை வடிவமைத்தது மிட்சுபிசி. அதற்குள் இருந்த எஞ்சின் நகஜிமா என்ற நிறுவனத்துடையது. அதுமட்டுமல்ல, மொத்தச் சீரோ விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைச் செய்து கொடுத்ததும் நகஜிமாதான். போருக்குப் பின் நகஜிமா துண்டு துண்டாக்கப்பட்டது. அதன் துண்டுகளான ஐந்து நிறுவனங்கள் 1953இல் மீண்டும் ஒன்றாகத் திரண்டன. அந்த நிறுவனம்தான் சுபாருவைச் செய்தது. சின்னத்தில் பெரிய நட்சத்திரம் ஒன்று, சிறியவை ஐந்து இருப்பதன் கணக்கும் அதுதான். நானும் தம்பியும் கட்சி கட்டிய இரண்டும் ஒரு காலத்தில் ஒரே விமானத்துக்கு உடம்பும் உயிருமாக இருந்தவை.

இன்று இரண்டு கட்சியும் கலைந்துவிட்டது. எவொலூஷனை மிட்சுபிசி 2016இல் நிறுத்தியது. பெற்றோல் எஞ்சினில் அடுத்த எஸ்.ரி.ஐ வராது என்று 2022இல் சுபாரு அறிவித்தது. மக்கினென் பின்னர் டொயோட்டாவின் ரலி அணிக்குத் தலைவராகி, அதையும் வெல்ல வைத்தார். விசுவாசிகளை வைத்துக் காத்திருக்க எந்த நிறுவனமும் கடமைப்பட்டதில்லை. வாப்பா கை உயர்த்தியது நிறுவனத்துக்கல்ல என்று எனக்கு இப்போது படுகிறது. அந்த வெள்ளத்தைக் கடந்த இரவுக்குத்தான் அவர் சலாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2020இல் கொரோனா வந்தபோது தம்பியின் வேலை போனது. நீலக் காரை விற்றுவிட்டு ஊருக்கு வந்தான். சந்தியில் ஒரு சிறு கராஜ் போட்டிருக்கிறான். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டபோது, “அந்தக் கார் இஞ்ச இருந்திருந்தா சந்திக்குப் போய்வரவும் காணாது காக்கா” என்று சிரித்தான். வருத்தமா என்று ஒருநாள் கேட்டேன். “வெள்ளிக்கிழம விடியக்குள்ள பாலைவன ரோட்டுல தனிய ஓடின. அது போதும்” என்றான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் என் வாழ்நாளில் எனக்கென்று மட்டும் எதைத் தெரிவு செய்தேன் என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தங்கச்சியின் மகனுக்கு இப்போது பதினொரு வயது. போன மாதம் கராஜில் நாங்கள் இருவரும் இருக்கையில் வந்து நின்றான். தொலைபேசியில் இரண்டு கார்களின் படத்தைக் காட்டினான்.

“பெரிய மாமா, இதுல எது திறம்?”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஸ்பானரைத் துடைப்பது போல் குனிந்துகொண்டான்.

“அதச் சொல்லலாம். முதல்ல ஊட்டுக்குப் போய், உம்மாவுக்கு ஏதும் தேவையா எண்டு கேட்டுட்டு வா” என்றேன்.

ஓடிப்போனவன் கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க வந்தான்.

“ஒரு தேங்கா வேணுமாம்.”

தம்பி சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தான்.